மூக்கடியில் ஒரு கோடு

கண்ணாடி முன்னால் நின்று, முகத்தைத் தளரவிட்டு, வாயை லேசாகத் திறந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். மேல்வரிசை முன்பற்கள் எவ்வளவு தெரிகின்றன? பல் மருத்துவ ஆய்வாளர்கள் இருவர் இதை வயதுவாரியாக அளந்து 1978-இல் வெளியிட்டார்கள். 30 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சராசரியாக 3.4 மில்லிமீட்டர் தெரிந்தது. நாற்பதுகளில் இருந்தவர்களுக்கு 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 60-ஐத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. மேல்பற்கள் இப்படி மறைய மறைய, கீழ்ப்பற்கள் வெளியே தெரிவது கூடிக்கொண்டே போனது.

பற்கள் தேய்வதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் பெரும்பங்கு உதட்டுடையதுதான். மூக்கின் அடியிலிருந்து சிவந்த உதட்டின் மேல்விளிம்பு வரை இருக்கும் தோல் இளமையில் ஏறக்குறைய 11 முதல் 15 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். வயது ஏற ஏற அது நீள்கிறது. இளையவர்களின் மேலுதட்டையும் மூத்தவர்களின் மேலுதட்டையும் எம்ஆர்ஐ படங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. மூத்தவர்களின் உதடு நீண்டிருந்தது, மெலிந்திருந்தது. ஆனால் அதிலுள்ள திசுவின் மொத்த அளவு நாம் நினைக்கிற அளவுக்குக் குறைந்துவிடவில்லை. இருந்ததே கீழே இழுபட்டுப் பரவியிருக்கிறது.

உதட்டுக்குச் செய்யப்படும் அழகு சிகிச்சைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவலே போதும். சதை கரைந்துதான் உதடு மெலிந்தது என்றால் நிரப்பலாம். தோல் நீண்டதால் மெலிந்தது என்றால், நிரப்புவது நோய்க்குப் பொருந்தாத மருந்து. ஹயலுரானிக் அமில ஜெல்லை ஊசியால் ஏற்றும் ஃபில்லருக்கு, உதட்டில் போடுவதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் முதல் அனுமதி கொடுத்தது. அதன்பின் உலகெங்கும் பரவிய பழக்கம் அது. ஏற்கெனவே நீண்டுவிட்ட மேலுதட்டில் மேலும் மேலும் ஜெல்லை ஏற்றினால் உதடு உயராது, முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வாத்து அலகு போலத் தெரியும் முகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஃபில்லருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சில மாதங்களில் தானே கரையும். பிடிக்கவில்லை என்றால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி உடனே கரைக்கவும் செய்யலாம்.

லிப் லிஃப்ட் எனப்படும் உதடு உயர்த்தும் அறுவையில் அந்த வசதி கிடையாது. வெட்டியெடுத்த தோலை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

அறுவையின் தத்துவம் எளிது. ஜன்னல் திரையின் மேல்விளிம்பில் ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்தால் கீழ்விளிம்பு உயர்கிறதல்லவா, அதேதான். மூக்கின் அடியை ஒட்டி ஒரு பட்டைத் தோலை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் தோலை மேலே இழுத்துத் தைக்கிறார்கள். உதட்டின் சிவந்த பகுதி சற்று வெளியே மலர்ந்து அதிகம் தெரிகிறது, முன்பற்களும் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரிகின்றன. பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர்கள் கார்டோசோவும் ஸ்பெர்லியும் 1971-இல் மெல்போர்னில் நடந்த பன்னாட்டு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மாநாட்டில் இதை முதலில் விவரித்தார்கள். எடுக்கும் பட்டையின் வடிவம் இரண்டு நாசிகளின் அடியிலும் வளைந்து, நடுவில் இறங்கி, ஓரங்களில் கூர்ந்து முடிவதால் காளைக்கொம்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் அதிகம் செய்யப்படுவது அந்த வடிவம்தான்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தக் காரியத்துக்கு ஓர் அத்தியாயமே எதற்கு என்று கேட்கலாம். கத்தி படும் இடம் அப்படி. மனித உடலில் ஒரு சாண் பரப்புக்குள் இவ்வளவு நுணுக்கமாக வடிவமைந்த இடங்கள் அதிகம் இல்லை.

கருவில் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், முகத்தின் நடுவிலிருந்து இறங்கும் திசுவும் இரு பக்கங்களிலிருந்து வரும் திசுக்களும் சந்தித்து ஒட்டிக்கொள்வதால் மேலுதடு உருவாகிறது. ஒட்டாமல் போனால் குழந்தை பிளவுபட்ட உதட்டோடு பிறக்கிறது. மூக்கின் அடியிலிருந்து உதடு வரை இறங்கும் சிறு பள்ளத்தையும், அதன் இருபுறமும் நிற்கும் மெல்லிய வரப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். வாயைச் சுற்றி ஓடும் வளையத்தசையின் இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தோலில் போய்ப் பதிவதால் எழுந்தவை அந்த வரப்புகள். நாயின் மூக்குக்குக் கீழே இதே பள்ளத்தைப் பார்க்கலாம். அங்கே உதடு ஈறோடு கட்டுண்டிருக்கிறது. நம் மேலுதடு அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு எந்தத் திசையிலும் அசையக்கூடியது. தாயின் மார்பைக் கவ்விப் பால் குடிப்பதும், ஒரு சொல்லும் பேசாமல் கோபத்தைக் காட்டுவதும் அதனால்தான் முடிகிறது.

பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கு மேலுதட்டின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் மதிக்கக் கற்றுக்கொடுத்தது பிளவுதடுதான். சிவந்த பகுதியும் தோலும் சந்திக்கும் விளிம்பில் ஒரு வெளிர் மேடு ஓடுகிறது. அதைச் சேர்த்துத் தைக்கும்போது 1 மில்லிமீட்டர் பிசகினால், எதிரே உட்கார்ந்து பேசுபவரின் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு 1955-இல் ஸ்டாக்ஹோமில் முன்வைத்த பிளவுதடு அறுவை முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தழும்பை மூக்கின் அடியிலும் இயற்கையான வரப்பின் மேலேயும் விழச் செய்தது அதன் சிறப்புகளில் ஒன்று. எல்லைக்கோட்டில் விழுந்த தழும்பைக் கண் தழும்பாகப் பார்ப்பதில்லை, முகத்தின் கோடாகவே எடுத்துக்கொள்கிறது. மெக்சிகோவின் மரியோ கோன்சாலஸ் உல்லோவா 1956-இல் முகத்தையே இப்படிப்பட்ட எல்லைகளால் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார். லிப் லிஃப்ட் இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. மூக்கு முடிந்து உதடு தொடங்கும் நிழலில் தழும்பை ஒளித்துவிடலாம் என்பதே அதன் கணக்கு.

கணக்கு பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் அதற்கு எதிராக இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. வியன்னாவின் உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர் 1861-இல் ஒரு விசித்திரமான சோதனையை வெளியிட்டார். பிணங்களின் தோலில் உருண்டை முனையுள்ள ஊசியால் துளை போட்டார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை. கண் வடிவில் நீண்டு பிளந்தன. உடலின் ஒவ்வொரு பகுதியிலும் அவை குறிப்பிட்ட ஒரு திசையிலேயே நீண்டன. தோல் எப்போதும் ஏதோ ஒரு திசையில் இழுவையில் இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. இழுவைக்கு இசைவாகப் போட்ட கீறல் மெல்லிய கோடாக ஆறும். குறுக்கே போட்டால் விரிந்து தடிக்கும். மேலுதட்டில் வயதானால் விழும் சுருக்கங்களைக் கவனியுங்கள். மூக்கிலிருந்து வாயை நோக்கி நெடுக்காக விழுகின்றன. மூக்கடியில் போடும் கீறலோ அவற்றுக்குக் குறுக்கே ஓடுகிறது. போதாததற்கு, பேசும்போதும் மெல்லும்போதும் சிரிக்கும்போதும் வளையத்தசை அந்தத் தையலைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுவையை உணர்ந்தால் தோலிலுள்ள செல்கள் கொலாஜனைக் கூடுதலாகச் சுரக்கும், தழும்பு தடிக்கும். ஆகவே தேர்ந்த சர்ஜன் பாரத்தை மேல்தோலின் தையலில் விடமாட்டார். உள்ளே ஆழத்தில் கரையும் நூலால் இறுக்கிக் கட்டி, வெளித்தோலை முடியைவிடச் சற்றே தடித்த நூலால் சும்மா சேர்த்து வைப்பார். எவ்வளவு ஆழத்தில் கட்டுவது, தசைக்கு மேலுள்ள படலத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் இன்றும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

உதட்டின் அழகைப் பற்றி யோசித்து முடிவெடுப்பவர்கள் பலர். நான் சொல்வேன், முதலில் தழும்பைப் பற்றி யோசியுங்கள். உயர்ந்த உதடு நன்றாக இருக்குமா என்ற கேள்விக்கு ஒரு கண்ணாடியும் ஒரு விரலும் போதும். உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்கான விடை உங்கள் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. இடது மேற்கையில் குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். அமுங்கிய சிறு வட்டமா, மேடிட்டுத் தடித்ததா? காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்ததா? மூக்குத்தி போட்ட துளையைச் சுற்றிச் சதை புடைத்ததா? சிசேரியன் செய்திருந்தால் அந்தக் கோடு எப்படி இருக்கிறது? நல்ல மருத்துவர் உதட்டைப் பார்ப்பதற்கு முன் இவற்றைக் கேட்பார். நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கறுத்த தோலும் தடித்த தழும்புக்கும், காயம் ஆறியபின் கருமை படிவதற்கும் அதிகம் வாய்ப்புள்ளவை. கெலாய்டு என்ற வளரும் தழும்பு காது மடல், மார்பு, தோள்பட்டை ஆகியவற்றில் வருவது போல முகத்தின் நடுவில் அடிக்கடி வருவதில்லை. அது ஓர் ஆறுதல். கருமை படிவதற்கு அந்த விலக்கு இல்லை. வெள்ளைத்தோல் முகங்களின் 'முன்னும் பின்னும்' படங்களை மட்டும் பார்த்து நம் முகத்துக்கு முடிவெடுப்பது சரியான வழியல்ல.

அறுவை நாளில் நடப்பது இதுதான். உட்கார்ந்த நிலையில் முகத்தில் பேனாவால் குறிப்பார்கள். படுத்தால் உதட்டின் நிலை மாறிவிடும். சின்னஞ்சிறு அளவுகோலால் திரும்பத் திரும்ப அளப்பார்கள். வழக்கமாக 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை எடுப்பார்கள். மீதம் 10 அல்லது 12 மில்லிமீட்டராவது நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். உண்மையில் வலிப்பது அந்த ஊசிதான். கண்ணுக்குக் கீழே எலும்பிலுள்ள துளையிலிருந்து வரும் நரம்பைத் தடுத்துவிட்டு உதட்டில் போட்டால் வலி வெகுவாகக் குறையும். மருந்தோடு கலந்த அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்தம் கசிவதைக் குறைக்கிறது. அதன் முழுப் பலன் வர 25 நிமிடம் வரை ஆகும். ஊசி போட்டுவிட்டு டாக்டர் உடனே கத்தியை எடுக்காமல் காத்திருந்தால் பதற்றப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

முதல் மூன்று நாள் கண்ணாடியைத் தவிர்ப்பது மனதுக்கு நல்லது. வீக்கம் உச்சத்தில் இருக்கும். மேலுதடு விறைத்து, கிட்டத்தட்ட மூக்கோடு ஒட்டியது போலத் தெரியும். உதடு ஒட்ட வேண்டிய ப, ம போன்ற ஒலிகள் சரியாக வராது. "அம்மா" என்று சொல்வதே முயற்சியாக இருக்கும். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். வாயை அகலத் திறக்கக் கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. உறிஞ்சும்போது வளையத்தசை முழுப் பலத்தோடு இழுக்கும். பல் துலக்கக் குழந்தைகள் பயன்படுத்தும் சிறிய பிரஷ் வசதி. நம் வீட்டுச் சாப்பாட்டில் தயிர் சாதம், குழைந்த ரசம் சாதம், இட்லி எல்லாம் இந்த வாரத்துக்கென்றே செய்தது போலப் பொருந்தும். காரமும் கொதிக்கும் சூடும் வேண்டாம். உதட்டோரத்தில் அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுவையின் அதிர்ச்சியில் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க மாத்திரை உண்டு.

ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் தையலைப் பிரிப்பார்கள். காயம் ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைப்பது அன்றுதான். ஆனால் அன்று அந்தக் காயத்தின் வலு, பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில் அது 80 சதவீதத்தை நெருங்கும். அதற்குமேல் பெரிதாக ஏறாது. முழு 100-ஐ எந்தத் தழும்பும் எட்டியதில்லை. தொடக்கத்தில் உடம்பு அவசரமாக நெய்யும் கொலாஜன் மெலிந்தது, ஒழுங்கற்றது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, தடித்த இழைகளை வரிசையாகப் போடுகிறது. இந்த மறுவேலை நடக்கும் 4 முதல் 8 வாரங்களில் தழும்பு சிவந்து, கெட்டிப்பட்டு, அரிக்கும். தையல் பிரித்தபோது இருந்ததைவிட மோசமாகத் தெரியும். இந்த ஒன்றை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ பேர் தூக்கம் கெட்டுத் தவிக்கிறார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து, கண்ட களிம்பையும் தடவி, இன்னொரு மருத்துவரிடம் ஓடி, ஆறும் தழும்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை சில மட்டுமே. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து சிலிக்கான் ஜெல், வெளியே போனால் சன்ஸ்கிரீன், மெதுவான மசாஜ். வெயில் பட்டால் ஆறும் தழும்பு கறுக்கும். நம் ஊர் வெயிலில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. ஆறாம் மாதத்தில் கோடு வெளிறத் தொடங்கும். இறுதித் தோற்றத்தைப் பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மரத்துப்போன உணர்வு சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். தொடக்கத்தில் தூக்கி நின்ற உதடும் ஓரளவு இறங்கி அமரும்.

புகைபிடிப்பவர்களுக்கு இந்த அறுவை ஏற்றதல்ல. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இழுத்துத் தைத்த தோலின் விளிம்பைச் சாகடித்துவிடக்கூடும். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து எழுதிய இதய மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும்.

தவறாகப் போனால் எப்படிப் போகும்? மூன்றைச் சொல்கிறேன். நாசித் துவாரத்தின் வாசலில் ஒரு சிறு வரம்பு இருக்கிறது. மூக்கின் தரையையும் உதட்டையும் பிரிப்பது அதுதான். கீறல் அதைத் தாண்டி உள்ளே போனால் வரம்பு அழிந்து, மூக்கின் உட்பகுதி வழிந்து உதட்டோடு கலந்தது போலத் தெரியும். மறுபடி கட்டமைப்பது மிகக் கடினம். அடுத்தது, அளவுக்கு மீறி எடுத்துவிடுவது. ஓய்வாக இருக்கும்போது உதடுகள் ஒன்றையொன்று தொடாமல் வாய் திறந்தே நிற்கும். சிரிக்கும்போது ஏற்கெனவே ஈறு அதிகம் தெரிபவர்களுக்கு அது இன்னும் கூடும். அவர்களுக்கு இந்த அறுவையே பொருந்தாது. கடைசியாக, காளைக்கொம்பு முறை நடுப்பகுதியை உயர்த்தும் அளவுக்கு ஓரங்களை உயர்த்துவதில்லை. நடு ஏறி, ஓரங்கள் தொங்கிய வாய் சோகமாகத் தெரியும். வாயோரத்தைத் தனியாக உயர்த்தும் அறுவை இருக்கிறது. அதன் தழும்புக்கு ஒளிந்துகொள்ள நிழல் கிடையாது. ஆண்களுக்கு மீசை மூக்கடியை நெருங்கி வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உதடு நீண்டுவிட்டது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதும் அவசியம். செல்ஃபி ஒரு மோசமான சாட்சி. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடி, ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டார்கள். லென்ஸுக்கு அருகில் இருப்பது பெருக்கும், தள்ளியிருப்பது சிறுக்கும். முகத்தின் அளவுகளை அந்தப் படத்தை வைத்து யாரும் தீர்மானிக்கக் கூடாது. அதோடு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாள் முழுதும் கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கும் நிலைக்கு மனநல மருத்துவத்தில் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர். பொதுமக்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. அழகு அறுவைக்கு வருவோரிடையே பல மடங்கு அதிகம். அவர்களுக்கு அறுவை நிம்மதி தராது. கவலை இடம் மாறும், அவ்வளவுதான். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அது மனநல மருத்துவரிடம் இருக்கிறது. "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சர்ஜனை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது. பிறவிக் குறையையோ விபத்தையோ சரிசெய்யும் பிளாஸ்டிக் அறுவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு; அழகுக்கான அறுவைக்கு இல்லை. பிளவுதட்டுக் குழந்தையின் அறுவையும் லிப் லிஃப்டும் ஒரே மேஜையில், ஒரே கைகளால், ஒரே வகை நூலால் நடக்கலாம். சட்டம் அவற்றை வேறாகத்தான் பார்க்கிறது, அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கீறலை நாசி வரம்புக்கு எந்தப் பக்கம் போடுவீர்கள், எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள், எத்தனை மிச்சம் வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். தழும்பைத் திருத்த நேர்ந்தால் ஓர் ஆண்டுக்கு முன் கைவைக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் நம்பலாம். படங்கள் காட்டுவார். பத்து நாளில் எடுத்த படம் எதையும் சொல்லாது. வீக்கத்தில் எல்லா உதடும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் நிறத்தை ஒத்தவர்களின் படமாக, அறுவை முடிந்து ஓராண்டு கழித்து, ஒப்பனை இல்லாமல், தலையை நிமிர்த்தி மூக்கின் அடி முழுதாகத் தெரியும்படி எடுத்ததாகக் கேளுங்கள்.